ஜார்ஜியாவில் ஓர் எதிர்க்கரை வீடு

ஒரு பெண் வெளிநாட்டில் எந்த வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதை, அந்த ஊர்க் கோட்டை எவ்வளவு பழையது என்று பார்த்து முடிவு செய்த ஒரே தாய்மாமன் நானாகத்தான் இருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்கவும் இல்லை.

ஊர் ஜார்ஜியாவில் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஒரு ஜார்ஜியா உண்டு, அது இல்லை. கருங்கடலுக்குக் கிழக்கே, துருக்கிக்கு மேலே, ருஷ்யாவுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு. நீட்டில் கொஞ்சம் பிசகிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க இப்போது அங்கே போகிறார்கள். என் தங்கையின் ஒரே மகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் படிக்க வராது. தொடக்கத்திலேயே மெய்யெழுத்துகள் உயிரின் துணையில்லாமல் கூட்டமாக நிற்கின்றன. இடம் வாங்கித் தந்த வேலூர் ஏஜென்ட் அதை முதல் தடவை சொன்னபோது தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார் என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். சரக்கு போய்ச் சேரும் துறைமுகங்களின் பெயர்களைத் தினமும் டைப் அடிப்பதால், அங்கெல்லாம் போய்வந்த களைப்பு எனக்கு உண்டு. பாஸ்போர்ட்தான் கிடையாது. வீட்டில் புத்தகங்கள் ஜாஸ்தி. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதனைக் குடும்பத்தில் ‘விவரம் தெரிஞ்சவரு’ என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு விவரம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்படாது.

ஏஜென்ட் இரண்டு இடங்களைக் காட்டியிருந்தார். ஒன்று, கல்லூரிக்கு ஒட்டினாற்போல ஒரு ஹாஸ்டல். புதுக் கட்டடம், பார்த்தால் ராணிப்பேட்டை சிப்காட்டில் எதையோ தயாரிக்கும் கம்பெனி போல இருந்தது. இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய ஊரில் ஒரு வீடு. கணவனை இழந்த ஓர் அம்மாள் மாடி அறைகளை மாணவிகளுக்கு விடுகிறார். மரத்தாலான பால்கனி, கீழே திராட்சைப் பந்தல், பின்னால் குன்றின்மேல் கோட்டை. படத்தைப் பார்த்த உடனேயே எனக்குள் முடிவாகிவிட்டது. காரணங்களைத் தேடுவதற்குத்தான் சில வாரங்கள் ஆயின.

அந்த வாரங்களில் நான் அந்த ஊரைப் படித்தேன். மேலே பனிமலை, கீழே பள்ளத்தாக்கு, நடுவே ஆறு. இன்னோர் ஆறு வந்து கலக்கும் மூலையில் ஊர். வால்நட் மரங்களும் திராட்சைக் கொடிகளும் மண்டிய சரிவு. கிழக்கிலிருந்து கடலுக்குப் போகிற வியாபாரிகளின் பாதை அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயிற்று. வியாபாரிகள் போகும் வழியில் சுங்கம் வாங்க ஒருவன் உட்காருவான், அவனைக் காக்க ஒரு கோட்டை எழும்பும், கோட்டையைப் பிடிக்க ஒரு படை வரும். உலகத்தில் முக்கால்வாசி ஊர்கள் இப்படித்தான் உண்டாகியிருக்கின்றன. இவ்வளவும் சேகரித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை வீடு ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றுக்கு அந்தக் கரையில் உள்ள கிராமத்தில்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் உரை ஆரம்பமாயிற்று. கேட்டவர்கள் தங்கை, அவள் கணவர், படிக்கப் போகும் என் மருமகள் மூவரும். தங்கை கணவர் வேறொரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலை விரல் நுனியால் தடவியே எங்கே குறை என்று சொல்வார். பேச்சையும் அப்படித்தான் கேட்பார்.

“அரபியர் வந்தார்கள், மங்கோலியர் வந்தார்கள், பாரசீகர் வந்தார்கள், துருக்கியர் வந்தார்கள், கடைசியாக ருஷ்யர் வந்தார்கள்” என்றேன்.

“இவ்ளோ பேரு வந்துட்டுப் போயிருக்காங்கன்னா பஸ் வசதி நல்லாதான் இருக்கும் மச்சான்” என்றார் அவர்.

நான் அதைப் பொருட்படுத்தாமல் சோவியத் காலத்துக்கு வந்தேன். அந்த ஊரில் ரயில் வந்தது, தொழிற்சாலை வந்தது. தொழிற்சாலையில் செய்தது என்ன தெரியுமா, ஷூ! இந்த இடத்தில் குரலைச் சற்று உயர்த்தினேன். எங்கள் அப்பா காலத்தில் இங்கிருந்து சோவியத்துக்குத்தான் அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பாகங்கள், பெட்டி பெட்டியாகப் போயின. அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அந்த நாடே இல்லை என்று ஆனபோது, இங்கே குடோன்களில் பெட்டிகள் தேங்கிவிட்டன. பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்ட ஊர்கள் உண்டு. எங்கள் ஊர் குடோனுக்குள் நடக்க இடமில்லாமல் தெரிந்துகொண்டது. நம் பக்கத்து அப்பர் ஏதாவது ஒன்று அந்த ஊர்த் தெருவில் நடந்திருக்கும் என்று சொன்னேன். ஆதாரம் கிடையாது. ஆனால் தங்கை கணவர் முதல்முறையாகத் தலையாட்டினார்.

பிறகு பாலத்தின் கதை. கோட்டைக்கு நேர் கீழே, இரு கரையையும் சேர்த்து ஒரு பழைய கல்பாலம் இருந்தது. ஏதோ ஒரு போரில், பின்வாங்கிய படை தான் கடந்ததும் பாலத்தை உடைத்துவிட்டுப் போயிற்று. துரத்தி வந்தவர்கள் எதிர்க்கரையில் நின்று கையைப் பிசைந்தார்கள். பாலத்தின் கல்தூண்கள் இன்னும் ஆற்றுக்குள் மொட்டையாக நிற்கின்றன. ரயில் வந்த பிறகு, புதுப் பாலத்தை ஆற்றோட்டத்தில் வெகுதூரம் தள்ளி, ஸ்டேஷன் பக்கத்தில் கட்டிவிட்டார்கள். இந்தக் கதையை நான் கையை ஆட்டிச் சொன்னேன். மருமகளுக்காக இன்னொரு தடவையும் சொன்னேன். அதன் அர்த்தம் என்ன என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்ட மூவருக்கும் தோன்றவில்லை.

“அதெல்லாம் சரிண்ணா. ரூம் எங்க எடுக்கறது?” என்றாள் தங்கை.

“சரித்திரம் முழுக்க அந்தக் கரையில்தான் இருக்கு” என்றேன்.

“வேலூர்லயும்தான் கோட்ட இருக்கு. அதுக்காக யாராவது அங்க வாடகைக்கு வீடு பாக்கறாங்களா? காலேஜுக்குப் பக்கத்துல ஹாஸ்டல் இருக்கும்போது அந்தாண்ட எதுக்கு?”

நியாயமான கேள்வி. இதற்கு நான் தயாராக வந்திருந்தேன். பிரின்ட் எடுத்து வந்த மேப்பை விரித்து ஸ்கேலை வைத்தேன். கல்லூரியும் அந்த வீடும் நேருக்கு நேர். நடுவே ஆறு மட்டும்தான். “இங்க பாரு. என் வீட்லேருந்து உன் வீட்டுக்கு வர்றதவிட கம்மி தூரம். காலைல இறங்கி ஏறினா காலேஜ்.” பிறகு கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். “அந்த வீட்டுக்குப் பின் சந்துல சர்ச் இருக்கு. நம்ம ஊருக்கு மிஷனரி வர்றதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே கட்டினது.”

சர்ச் என்றதும் தங்கை இறங்கி வந்தாள். அவளுடைய உண்மையான பயம் தூரம் இல்லை. பெண் தன்னந்தனியாக அன்னிய ஊரில் இருப்பாளே என்பதுதான். பக்கத்தில் ஒரு கோயில் மணி கேட்கும் என்றால் அவளுக்குப் பாதித் தைரியம். “மாமா சொன்னா சரியாதான் இருக்கும்” என்று மகளிடம் சொன்னாள். வீடு முடிவாயிற்று.

இங்கே எங்கள் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். பாலாறு எங்களுக்கு ஒரு வழி. அகலமான, யாரும் வரி கேட்காத மணல் வழி. ஞாயிறு தோறும் நான் அதில் இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட் பிட்ச்சை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு, சீமைக் கருவேலத்துக்கு நடுவே ஏறினால் தங்கை வீடு. கல்யாண ஊர்வலம் அதில் போகும், பைக் போகும், மாடு போகும். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுக் கால்வாய் ஓரிடத்தில் நுரைத்துக்கொண்டு குறுக்கே வரும், அதை மட்டும் தாண்ட வேண்டும். எப்போதாவது ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால், ஊரே குடும்பத்தோடு போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வரும். ஆறு என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துகிறோமே தவிர, அதில் தண்ணீரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேப்பில் நீலமாக இருந்ததே என்று கேட்கலாம். மேப்பில் பாலாறும் நீலம்தான்.

மருமகள் போய்ச் சேர்ந்த மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் தங்கை வீட்டில்தான் இருந்தேன். பால்கனியில் நின்றிருந்தாள். பின்னால் ஏதோ லாரிகள் ஓயாமல் போகிற மாதிரி இரைச்சல்.

“ஹைவே பக்கமா இருக்கு?” என்று கேட்டேன்.

“மாமா, ஆத்த காட்டட்டுமா?” என்று சொல்லிப் போனைத் திருப்பினாள்.

பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், கரை கொள்ளாமல், பாறைகளில் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டு போனது தண்ணீர். நடுவில் அந்தக் கல்தூண்கள். அதற்கப்பால், கையை நீட்டினால் தொடலாம் போல, கல்லூரி. வாசலில் மாணவர்கள் டீ குடிப்பதுகூடத் தெரிந்தது.

“இன்னா மாமா இது, ஆறு ஓடுது!” என்றாள்.

நான் கேட்ட கேள்வியை என் தங்கை இன்றும் மறக்கவில்லை. “எப்பவுமே ஓடுமா?” என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். “எந்த மாசத்துல வத்தும்னு வீட்டுக்கார அம்மாவ கேளு” என்றும் சொன்னேன்.

அவள் போனில் உள்ள மொழிபெயர்ப்பை வைத்துக் கேட்டாள். தலையில் துணி கட்டிய பருத்த அம்மாள் ஒருவர், கையில் மாவோடு திரைக்குள் வந்து, போனை உற்றுப் பார்த்து, மறுபடி படிக்கச் சொல்லி, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அவர்களும் வந்து சிரித்தார்கள். என் பேச்சுக்கு வெளிநாட்டில் ஒரு கூட்டமே சிரித்தது அதுதான் முதல் தடவை.

“எங்க ஆறு எதுக்கு வத்தணும்னு கேக்கறாங்க மாமா. உங்க ஊர் ஆறு எங்க போச்சாம்?”

“கர்நாடகாவுல கொஞ்சம், ஆந்திராவுல கொஞ்சம் நிக்குதுன்னு சொல்லு” என்றேன். அதை அந்தப் போன் எப்படி மொழிபெயர்த்தது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

இந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. நேர் எதிரே தெரிகிற கல்லூரிக்குப் போக, அவள் கரையோரமாக ஸ்டேஷன் வரை நடந்து, பாலம் ஏறி, அந்தக் கரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். வேன் உண்டு. ஆனால் அது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், காலையில் ஆள் நிறையாது. முதல் வகுப்பு உடற்கூறியல். அதை எடுக்கும் பேராசிரியை மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். உட்காராவிட்டால் அந்த வருடம் போயிற்று. தங்கை வீட்டில் இன்னொரு வருடத்துக்கு வழி கிடையாது. டாக்டராவதும் திரும்பி வந்து மாப்பிள்ளை பார்ப்பதும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் இருந்தது.

“பாலத்த ஒடச்சிட்டாங்கன்னு நீங்க சொன்னப்பவே நான் கேட்ருக்கணும் மச்சான்” என்றார் தங்கை கணவர். அவர் திட்டவில்லை, யோசித்துப் பார்த்துச் சொன்னார். “நம்மூர்ல பாலம் ஒடஞ்சா யாரு கண்டுக்கறா? கீழ எறங்கிப் போய்ட்டே இருப்போம். அதான் தோணல.”

தங்கை திட்டினாள். “அந்தம்மா வீட்ல சர்ச் மணி கேக்குதுண்ணா, நல்லாவே கேக்குது. அது அடிக்கும்போது இவ பாலத்துல ஓடிட்டு இருக்கா.” சர்ச்சிலும் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. அங்கே பெஞ்சே கிடையாதாம். ஆராதனை முழுக்க நிற்க வேண்டும். வாரம் முழுக்க நடந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை நின்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். பல யோசனைகள் சொன்னேன். படகு உண்டா என்று விசாரிக்கச் சொன்னேன். அந்த ஓட்டத்தில் படகு விடுபவன் திரும்பி வருவதில்லை என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னாராம். ஆற்றின் மேற்பகுதியில் ஒரு தொங்குபாலம் இருப்பதாக ஒரு பழைய பயணக் குறிப்பில் படித்துச் சொன்னேன். அவள் ஒரு லீவு நாளில் தேடிப் போய்ப் பார்த்தாள். இருந்தது. பலகைகள் மட்டும் இல்லை. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடுமா என்று கேட்டபோது, “மாமா, நீங்க கொஞ்ச நாளைக்கு எதையும் படிக்காதீங்க” என்றாள்.

பனி விழ ஆரம்பித்தது. கரையோரப் பாதையில் மருமகள் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி, சில நாள் வகுப்புக்குப் போகவில்லை. கல்லூரியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. இனி ஒரு வகுப்பும் தவறக்கூடாது. தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆற்றில் இறங்கிப் பாதி வரை போய், கிரிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த ஞாயிறுகளில் வலித்ததுபோல் மணலில் நடந்து எனக்கு என்றும் கால் வலித்ததில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மருமகளே என்னை நேரடியாகக் கூப்பிட்டாள். முகம் தெளிவாக இருந்தது. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ குறைந்தது. பால்கனி இல்லை, பந்தல் இல்லை, வெள்ளைச் சுவர்தான்.

“கோட்டை எங்கம்மா?” என்றேன்.

“கோட்ட அங்கயேதான் இருக்கு மாமா. நான்தான் இல்ல.”

ஹாஸ்டலில் ஒரு மலையாளப் பெண் இருந்தாளாம், அவளுக்கு அங்கே மற்ற பெண்கள் போடும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அவள் சீனியர், காலை வகுப்பு கிடையாது. என் மருமகள் அவளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போய், வீட்டுக்கார அம்மாள் கையால் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியைச் சாப்பிட வைத்து, பால்கனியில் உட்கார வைத்திருக்கிறாள். சூரியன் மறையும் நேரமாகப் பார்த்து. வேறு எதுவும் சொல்லவில்லையாம். அடுத்த வாரமே இருவரும் அறையை மாற்றிக்கொண்டார்கள். வார்டனிடமும் அந்த அம்மாளிடமும் பேசியது என் மருமகளேதான். அப்பா அம்மாவுக்கு முடிந்த பிறகுதான் சொன்னாள்.

“எப்ப மாறின?” என்றேன்.

“ஒரு மாசம் ஆச்சு மாமா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல. நீங்க அந்தச் சர்ச்சப் பத்திப் புதுசா ஏதோ அனுப்பிட்டே இருந்தீங்க.”

உண்மைதான். கூரையின் அமைப்பைப் பற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்துவதற்கு முன்னால் அவள் தினமும் உள்ளே இருந்தாள். பரீட்சைக்கு உட்கார விட்டார்கள். உடற்கூறியலில் நல்ல மதிப்பெண். தங்கை எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினாள், கொண்டுவந்தது தங்கை கணவர். “பேசறேன்னு சொல்லச் சொன்னா மச்சான். எப்பன்னு சொல்லல” என்றார். அடுத்த ஞாயிறு நான் ஆற்றைக் கடந்து போனேன். சோறு போட்டாள். உரை எதுவும் நடக்கவில்லை.

இந்த வருடம் சேர்க்கை தொடங்கியதும், மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். அவர் மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, இந்த முறை பாலம், வேன், பனி எல்லாவற்றையும் சேர்த்து, பூகோளத்தை முதலில் வைத்து ஆரம்பித்தேன். மங்கோலியர்கள் வருவதற்குள் அவர் பணிவாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார், அவ்ளோலாம் வேணாம். எந்தக் கரைன்னு மட்டும் சொல்லுங்க போதும். உங்க தங்கச்சி பொண்ணுகிட்ட நேத்தே பேசிட்டோம். ‘மாமாவ ஒரு தடவ கேட்டுக்கங்க, அவரு எந்தப் பக்கம்னு சொல்றாரோ அதுக்கு எதிர்ப்பக்கம் ரூம் எடுத்துடுங்க’ன்னு சொல்லிச்சு.”